துறைக்கல்லும் கியர் பாக்ஸும்

இலக்கியம் பேசும் இடத்தில் சலவை இயந்திரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சங்கப் புலவர்கள் கஞ்சியிட்டு ஆடை வெளுக்கும் பெண்ணைப் பாட்டுக்குள் நிறுத்தியவர்கள். சேக்கிழாரோ காஞ்சி நகரத்துச் சலவைத் தொழிலாளி ஒருவரையும் அவர் துணி துவைத்த கல்லையும் பெரியபுராணத்துக்குள் கொண்டுவந்து வைத்தவர். ஆகவே துணி துவைப்பது நம் இலக்கியத்துக்குப் புறம்பான பொருளன்று என்னும் துணிவில் இதை எழுதுகிறோம். அந்தக் கல்லுக்குக் கட்டுரையின் இறுதியில் திரும்பி வருவோம்.

எங்கள் வீடு கோவையில். மேலே மூடியைத் திறந்து துணி போடும் வகைச் சலவை இயந்திரம் ஒன்று 14 ஆண்டுகளாக இவ்வீட்டில் உழைத்து வருகிறது. சென்ற மார்கழியில் அது முனகத் தொடங்கிற்று. முதலில் துணி பிழியும் சுற்றில் மட்டும் கேட்ட ஓசை, நாளடைவில் துவைக்கும் சுற்றிலும் கேட்கலாயிற்று. பின்னர் ஒருநாள் காலை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, துணிகள் மட்டும் சோப்புத் தண்ணீரில் அசையாமல் கிடந்தன.

நிறுவனத்தின் சேவைப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பண்பானவர். மூடியைத் திறந்தார், பொத்தானை அழுத்தினார், காதுகொடுத்துக் கேட்டார், ஐந்து நிமிடத்தில் தீர்ப்பைச் சொன்னார். "கியர் பாக்ஸ் போயிருச்சுங்க. பதினாலு வருச மெஷினு. இதுக்கு மேல செலவு பண்ண வேண்டாமுங்க. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க." அதற்குள் ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை.

அவ்விளைஞர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடுகள் ஏறி இறங்க வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்டிருக்கும். எங்கள் வருத்தமெல்லாம் அவர் சொன்ன காரணத்தின் மீதுதான். 14 ஆண்டு என்பது வயது. அது நோயின் பெயரன்று. முதியவர் ஒருவர் மூட்டுவலி என்று போனால், "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவரை நாம் நல்ல மருத்துவர் என்பதில்லை. இயந்திரத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

கியர் பாக்ஸ் என்னும் சொல் ஒரு மர்மப் பெட்டியைப் போல ஒலிப்பதும் இதற்கு ஒரு காரணம். உண்மையில் அது அத்தனை மர்மமானதன்று. இவ்வகை இயந்திரத்தின் அடிப்பக்கம் மோட்டார் ஒன்று உண்டு. அதிலுள்ள சிறு புல்லியிலிருந்து பெல்ட் ஒன்று பெரிய புல்லிக்குப் போகிறது. பெரிய புல்லிக்கு மேலே, டப்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பதுதான் கியர் பாக்ஸ். அதற்குள் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு தண்டுகள். குழாய் போன்ற வெளித்தண்டு துணி கிடக்கும் டிரம்மைத் தாங்குகிறது. உள்தண்டின் தலையில் பல்சேட்டர் என்னும் சுழல்தட்டு பொருத்தப்பட்டிருக்கிறது.

துவைக்கும்போது டிரம்மைச் சுற்றவிடாமல் ஒரு பிரேக் பட்டை பிடித்துக்கொள்கிறது. நடுப்பல்லைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்கள் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சுழல்தட்டை இடமும் வலமுமாக ஆட்டுகின்றன. பிழியும் நேரம் வந்ததும் டிரெயின் மோட்டார் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அந்த ஓர் இழுப்பில் கழிவுநீர் வழி திறக்கிறது, பிரேக் விடுகிறது, கிளட்ச் ஸ்பிரிங் இரு தண்டுகளையும் இறுக்கிப் பிடித்து ஒன்றாக்கிவிடுகிறது. டிரம்மும் தட்டும் சேர்ந்து முழுவேகத்தில் சுழலத் தொடங்குகின்றன. ஒரு கையசைவில் மூன்று வேலை. இதை வடிவமைத்தவரின் மூளையை வியக்காமல் இருக்க இயலவில்லை.

இவ்வளவு நுட்பத்துக்கும் எமன் தண்ணீர். கியர் பாக்ஸுக்கு நேர் மேலே ஒரு டப் நிறைய சோப்புத் தண்ணீர் நிற்கிறது. அதைக் கீழே இறங்கவிடாமல் காப்பது ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம். அதன் விளிம்பு ஆண்டுக்கணக்கில் தண்டின் மீது உரசி உரசித் தானும் தேய்கிறது. தண்டிலும் ஒரு தடத்தைத் தேய்த்துவிடுகிறது. அந்தத் தடத்தின் வழியே தண்ணீர் துளித்துளியாகக் கசிகிறது. பேரிங் துருப்பிடித்து முனகுகிறது. உள்ளே கிரீஸ் கரைந்து பழுப்புச் சேறாகிறது. கிரீஸ் இல்லாத பற்கள் ஒன்றையொன்று தின்கின்றன. நாங்கள் கேட்ட முனகல் கடைசி அத்தியாயம். கதை தொடங்கியது பல மாதங்களுக்கு முன்பு, ஒரு ரப்பர் வளையத்தில்.

மூன்றாம் நாள், பக்கத்துத் தெரு முதியவர் ஒருவரின் பரிந்துரையில் வேறொரு மெக்கானிக் வந்தார். ஐம்பதைக் கடந்தவர், ஒரு காலத்தில் பம்பு செட் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் முதலில் செய்த காரியம் மின் இணைப்பைப் பிடுங்கியது. பிறகு இயந்திரத்தைச் சாய்த்துப் பெரிய புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தார். நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில் புல்லி சில சுற்றுச் சுற்றினால் மேலே தட்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் இயந்திரத்தில் தட்டு கொஞ்சம் நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்ந்தது. அப்போதும் அவர் கியர் பாக்ஸ் என்று சொல்லிவிடவில்லை. தட்டைக் கழற்றி, அதன் நடுத்துளையிலுள்ள பற்களைப் பார்த்தார். அவை மழுங்கினாலும் இதே அறிகுறி தோன்றுமாம். தட்டை மட்டும் மாற்றினால் போதுமாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, மோட்டாரின் கெப்பாசிட்டர் சரியாக இருக்கிறதா, பிரேக் நெம்புகோல் முழுதாக நகர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின்னரே எழுந்து நின்றார். "பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணி உள்ள எறங்கியிருக்குது. எறக்கிப் பாத்துத்தான் சொல்லோணும்."

எங்கள் முதல் கருத்து இங்கேதான் பிறந்தது. மலிவான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, விலையுயர்ந்த காரணத்தைக் கடைசியில் சொல்பவரே பழுது பார்ப்பவர். விலையுயர்ந்த காரணத்தை முதலில் சொல்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, விற்பனையாளர். இருவரும் ஒரே சீருடையில் வரக்கூடும். ஆதலால் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "எதைக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறீர்கள்?"

டிரம்மைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றுவதற்கே ஒரு முற்பகல் ஆயிற்று. சோப்புக் கசடும் துருவும் சேர்ந்து அதைப் பற்றவைத்தது போல் பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பெட்டி ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒருவழியாக அது அசைந்தபோது வீடே கைதட்டிற்று. இறக்கிப் பிரித்த கியர் பாக்ஸுக்குள் அவர் சொன்னபடியே பழுப்புச் சேறு. சிறு பற்சக்கரங்களில் ஒன்று பாதி மழுங்கியிருந்தது. பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைபடும் ஓசை. மற்றபடி தண்டு, கூடு, கிளட்ச், பிரேக் எல்லாம் நலம்.

ஆக மாற்ற வேண்டியவை நான்கே பொருள்கள்: ஒரு பற்சக்கரம், ஒரு பேரிங், இரண்டு சீல்கள். உலகெங்கும் ஒரே அளவில் கிடைக்கும் பேரிங், மோட்டார்க் கடையில் அன்றே கிடைத்துவிட்டது. பற்சக்கரத்தில்தான் சிக்கல். நிறுவனம் அதைத் தனியே விற்பதில்லை. முழு கியர் பாக்ஸாக மட்டுமே தரும். அந்த முழு கியர் பாக்ஸும் பழைய மாடல் என்பதால் கையிருப்பில் இல்லை. வெளிக்கடை ஒன்றில் சொல்லி வைத்து வந்த பற்சக்கரம் பல் எண்ணிக்கை பொருந்தாமல் திரும்பிப் போயிற்று. இரண்டாவது பொருந்திற்று. இதற்கிடையே சீல் உரசித் தடம் விழுந்த தண்டின் மீது மெல்லிய உறை ஒன்றைக் கடைந்து ஏற்றித் தந்தார் லேத் பட்டறைக்காரர் ஒருவர். பம்பும் மோட்டாரும் செய்து வளர்ந்த ஊரில் இருப்பதன் நற்பயன் அது. எல்லாச் செலவும் புது இயந்திரத்தின் விலையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் இயந்திரம் ஓடிற்று.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். பழுது பார்ப்பதன் மேன்மை, எறியும் பண்பாட்டின் சிறுமை, கைத்தொழிலாளரின் மாண்பு என்று மூன்று பத்திகள் எழுதிக் கைகழுவிவிடலாம். உண்மையில் அப்படியொரு கட்டுரையைத்தான் எழுத உட்கார்ந்தோம். எழுதவிடாமல் தடுத்தது அம்மாவின் கை.

இயந்திரம் நின்ற பதினொரு நாளும் இவ்வீட்டில் துணி அழுக்காவது நிற்கவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்; எங்கள் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் படுக்கை விரிப்புகளை அலசினோம். வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்கா, மணிக்கட்டு வலியைச் சொல்லி ஜீன்ஸையும் போர்வையையும் தொட மறுத்துவிட்டார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மிச்சமிருந்த அத்தனையும், எழுபதைக் கடந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. கொல்லையில் பூந்தொட்டி வைத்திருந்த துவைகல்லிலிருந்து தொட்டி இறக்கப்பட்டது. மார்கழிக் குளிரில், போர்த் தண்ணீரில், பிழியாமல் உலர்த்திய துணி இரண்டு நாளாகியும் காயவில்லை. நாங்களோ மாலைதோறும் பிரித்துப்போட்ட கியர் பாக்ஸைச் சுற்றி அமர்ந்து புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பி வியந்துகொண்டிருந்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் இயந்திரம் சுழலக் கண்டு எல்லாரும் மகிழ்ந்து நிற்கையில்தான், அம்மாவின் விரல் கணுக்கள் வெடித்திருப்பதைப் பார்த்தோம். கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவே: "மெஷினைக் காப்பாத்திட்டீங்க, சந்தோசம். அடுத்த தடவ ரெண்டு நாள்ல காப்பாத்துங்க."

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட 'மோர் ஒர்க் ஃபார் மதர்' என்னும் நூலை நண்பர்கள் படித்திருக்கலாம். வீட்டு இயந்திரங்கள் பெண்ணின் வேலை நேரத்தைக் குறைத்தன என்னும் பொது நம்பிக்கையை அந்நூல் கேள்விக்குள்ளாக்குகிறது. சலவைக்காரரும் வெளிச் சலவையகமும் பணியாளும் பகிர்ந்துகொண்டிருந்த உழைப்பு, இயந்திரம் வந்ததும் இல்லத்தரசி ஒருவரிடமே குவிந்தது. தூய்மையின் அளவுகோலும் உயர்ந்துவிட்டது என்பது அவர் வாதம். இதற்கு எதிர்முனையில் ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை நிற்கிறது. தமக்கு நான்கு வயதிருக்கையில் வீட்டுக்கு முதல் சலவை இயந்திரம் வந்ததையும், பாட்டி அதன் முன் உட்கார்ந்து துவைத்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்ததையும், மிச்சமான நேரத்தில் அம்மா தம்மை நூலகத்துக்கு அழைத்துச் சென்றதையும் அவர் அதில் விவரிக்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மை என்றே இப்போது படுகிறது. இயந்திரம் நேரத்தைத் தந்தது. அந்த நேரத்தை நம்பி வீட்டின் ஏற்பாடுகள் மாறின. துவைகல் பூந்தொட்டிக்கு இடமாயிற்று. வண்ணார் வருவது நின்றது. உடுப்புகளின் எண்ணிக்கை பெருகிற்று. பழைய ஏற்பாடு எதுவும் மிஞ்சாத நிலையில் இயந்திரம் நின்றால், அந்த முழுப் பாரமும் ஒருவர் கையில் இறங்குகிறது. அது யார் கை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழுது பார்ப்போம், எறியாதீர் என்று மேடையில் முழங்குவோரில் பெரும்பாலோர் அந்தக் கைக்குரியவர் அல்லர். நாங்களும் அல்லோம்.

அப்படியானால் சேவைப் பிரிவு இளைஞர் சொன்னதுதான் சரியா? மறுநாளே புதியதை இறக்கியிருந்தால் அம்மாவின் கை தப்பியிருக்குமே? இக்கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பதினொரு நாளைக் கணக்கிட்டுப் பார்த்தோம். பழுது நீக்கும் வேலைக்கு ஆனது மொத்தம் ஒன்றரை நாள். லேத் பட்டறையில் அரை நாள். மிச்சம் ஒன்பது நாளும் காத்திருப்பு: சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கான காத்திருப்பும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பற்சக்கரத்துக்கான காத்திருப்பும். அம்மாவின் விரல்களை வெடிக்கவைத்தது அந்தக் காத்திருப்பு. பொருளைத் தனியே விற்காமல், கையிருப்பும் வைக்காமல், ஆளையும் பயிற்றாமல் இருப்பவர்கள் காலத்தை நீட்டுகிறார்கள்; நீண்ட காலத்தின் விலையை வீட்டிலுள்ள பெண் தன் கையால் கட்டுகிறாள்; முடிவில் அவளே "புதுசு வாங்கிடுங்க" என்கிறாள். அது அவள் விருப்பம் என்று விற்பனைக் கணக்கில் ஏறுகிறது.

வேறு விதமாகவும் இயந்திரம் செய்ய இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் வேர்ல்பூல் நிறுவனம் 1980களில் பரவலாக்கிய பெல்ட் இல்லாத மேல்திறப்பு இயந்திரங்களில், மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் ரப்பருமான சிறு இணைப்பான் ஒன்றை வைத்தார்கள். சுமை மீறினால் முதலில் அது உடையும். கியர் பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும். உடைந்ததை வீட்டுக்காரரே மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், 1967இல் மேடேக் நிறுவனம் தன் இயந்திரங்கள் பழுதாவதே இல்லை என்று காட்ட, வேலையின்றித் தனித்திருக்கும் பழுதுபார்ப்பவர் ஒருவரை விளம்பர நாயகனாக்கிற்று. பழுதாகாமையும் எளிதில் பழுது நீங்குவதும் பெருமைக்குரியவையாக இருந்த காலம் அது. இன்று முன்திறப்பு இயந்திரங்கள் பலவற்றில் வெளி டப்பின் இரு பாதிகளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே பேரிங் போனால் டப் முழுவதையும் மாற்ற வேண்டும்.

சட்டத்தாலும் செய்ய முடிவது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் 10 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்போர் கேட்டால் 15 வேலை நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். மோட்டாருக்கும் டிரம்முக்கும் இடைப்பட்ட கியர் அமைப்பு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் டிரம்மையும் பேரிங்கையும் சேர்த்தே விற்கலாம் என்னும் ஓட்டையும் அங்கே உண்டு. பிரான்சு 2021இல் தொடங்கிய பழுதுநீக்க மதிப்பெண் முறையை 2022 நவம்பரில் மேல்திறப்பு இயந்திரங்களுக்கும் நீட்டித்தது. 2025 வரை வாங்குவோர் விலைச்சீட்டின் அருகிலேயே அந்த எண்ணைக் காண முடிந்தது. இந்தியாவில் 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கான இணையவாயிலையும் திறந்தது. நிறுவனங்களின் சேவை விவரங்களை ஓரிடத்தில் காணலாம் என்ற அளவில் அது நல்ல தொடக்கமே. இத்தனை நாளுக்குள் பொருள் வந்தாக வேண்டும் என்று கட்டளையிடும் ஆற்றல் அவ்வாயிலுக்கு இல்லை.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. தேய்ந்த சிறு பொருளைத் தனியே விற்க வேண்டும். ஒரு பல்லுக்காகப் பெட்டி முழுவதையும் வாங்கச் சொல்லலாகாது. பழுது என்று தீர்ப்புச் சொல்பவர் எதைக் கழற்றிப் பார்த்தார் என்பதை எழுத்தில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலவரம்பு வேண்டும். ஐரோப்பாவின் 15 வேலை நாள்கூட, காலண்டரில் மூன்று வாரம். கையால் துவைப்பவருக்கு அது மிக நீளம். வரம்பு மீறினால் மாற்று இயந்திரம் ஒன்றை இரவலாகத் தரட்டும். கார் பட்டறைகள் சில அவ்வாறு செய்வதுண்டு. வீட்டு இயந்திரத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

எல்லாப் பழைய இயந்திரத்தையும் கட்டி அழ வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடிச்சட்டம் துருவேறி இற்றுவிட்டால், டப்பே பிளந்துவிட்டால், காயலான் கடைக்கு வழியனுப்புவதே முறை. கியர் பாக்ஸின் முனகல் அந்தப் பட்டியலில் சேராது.

இப்போது அந்தக் கல். திருக்குறிப்புத் தொண்டர் கதையில் மெலிந்த அடியவர் ஒருவர் அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். குளிருக்குத் தமக்கு அது ஒன்றுதான் என்றும், பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தந்துவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறார். தொண்டர் இசைந்து துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. மாலையாகியும் விடவில்லை. சொன்ன நேரத்துக்குத் துணி உலராது. அந்த முதியவர் இரவெல்லாம் நடுங்குவார் என்று உணர்ந்த கணத்தில், துணி துவைக்கும் அந்தக் கல்லிலேயே தம் தலையை மோதிக்கொள்ளத் துணிகிறார். கல்லிலிருந்து இறைவன் கை எழுந்து தடுக்கிறது. இக்கதையைப் பக்தியின் கதையாக மட்டுமே இதுவரை படித்து வந்தோம். இந்த மார்கழிக்குப் பின் அதில் வேறொன்றும் தெரிகிறது. கந்தை வெளுத்ததா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. குளிரில் நிற்பவருக்கு அது எப்போது திரும்பிக் கிடைக்கும் என்பதுதான் அந்தத் தொண்டரை உலுக்குகிறது.

எங்கள் இயந்திரம் ஓடுகிறது. பிழியும் சுற்றின் முடிவில் சிறு முனகல் இன்னும் உண்டு. அது பிரேக் பட்டையாம், அடுத்து அதைப் பார்க்க வேண்டுமாம். இம்முறை பட்டையை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்துவிட்டோம். துவைகல் மீது பூந்தொட்டியைத் திரும்ப ஏற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டோம். கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார்.